எங்கை என்று கேளாதவள்

கஜலக்சுமி பயந்த சுபாவம். அதை அவள் ஒருநாளும் மறைத்ததில்லை. வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நூற்றுப் பத்துப் பேருக்குச் சமைக்கிறவள். நாற்பதாவது வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்து, ஜெர்மன் மொழியில் சமையற்காரர் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவள். கொதிக்கிற எண்ணெய்க்கும் கூரான கத்திக்கும் அவள் அசையமாட்டாள். சமையலறையை விட்டு வெளியே வந்தால்தான் எல்லாம் பயம். லிப்டில் தனியே ஏறமாட்டாள். அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில் ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். சுவிஸ் பாஸ்போர்ட் கைக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. இன்னும் அரசாங்க அலுவலகத்துக் கடிதம் ஏதும் வந்தால் சாமிப் படத்தடியில் அரை மணித்தியாலம் வைத்துவிட்டுத்தான் உறையைக் கிழிப்பாள்.

இந்தப் பயங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும் ஒரு கேள்வியின்மேல் அவளுக்கு இருந்த பயத்துக்கு ஈடாகாது. வெளிக்கிடுகிற ஒருவரைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்பதுதான் அந்தக் கேள்வி.

வாசலில் வைத்து அப்படிக் கேட்பது சகுனப் பிழை என்பது எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்றவர்கள் மறதியில் கேட்டுவிடுவார்கள், பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார்கள். அத்தோடு அது முடிந்துவிடும். கஜலக்சுமி நாக்கைக் கடிக்கவேண்டி வந்ததே இல்லை. கலியாணமாகி இருபத்தொரு வருடத்தில், ரயில் பெட்டிகள் கழுவும் இடத்தில் மாறி மாறி வரும் நேரங்களில் வேலை செய்யும் தன் கணவர் சண்முகலிங்கத்தை அவள் ஒருதரம்கூட எங்கே என்று கேட்டதில்லை. அவருடைய கூட்டாளிகளுக்கு இது பெரிய பொறாமை. உனக்கென்னப்பா, ராசா மாதிரி இருக்கிறாய் என்பார்கள். சண்முகலிங்கம் சிரிப்பாரே தவிர ஓம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

அவளுக்கு இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஆடி மாதம், அளவெட்டியில், அவளுக்குப் பதினாறு வயது. அண்ணன் யோகேந்திரன் வெறும் போத்தலொன்றைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு படலையைத் திறந்தான். அவள் கிணற்றடியில் நின்று, எங்கை அண்ணை போறாய் என்று கேட்டாள். சங்கக் கடைக்கு, மண்ணெண்ணெய் வந்திட்டுதாம் என்று திரும்பிச் சொல்லிவிட்டுப் போனான். அரை மணித்தியாலத்தில் ஷெல் விழுந்தது. செத்த வீட்டில் யாரோ ஒரு பெரிய மனுசி, வெளிக்கிட்டவனை இவள் மறிச்சுக் கேட்டவளாம் என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றைக்குப் பூட்டிய வாய்தான்.

அடுத்த வருடம் ஆமி வந்தபிறகு அந்த வாய் இன்னும் இறுகிப்போனது. சென்றியில், அதுதான் ஆமிக் காவலரணில், நிற்கிறவன் உன் வீட்டுப் பொடியன் எங்கே என்று கேட்பான். பொய் சொல்லத் தெரியாதவர்கள் உண்மையாகவே தெரியாமல் இருந்துகொள்வது நல்லது என்று பெண்கள் பழகிக்கொண்டார்கள். கேட்கவும் மாட்டார்கள், எந்தப் பக்கம் போகிறான் என்று பார்க்கவும் மாட்டார்கள். கஜலக்சுமியும் முகத்தைத் திருப்பப் பழகினாள். வின்டர்தூரில் அந்தச் சென்றி இல்லைத்தான். அதை அவளுடைய கழுத்துக்கு யாரும் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவள் பனிமலையில் போய்ச் சமைக்க வந்ததற்குக் காரணம் மகள் மதுஜா. பதினேழு வயது, நிலவியல் என்றால் சாப்பாடு தேவையில்லை. கிறவுபுண்டன் மலையில், ஒரு பனிப்பாறைக்குப் பக்கத்தில், இரண்டு வார இளைஞர் முகாம் என்று விண்ணப்பித்துவிட்டு வந்து நின்றாள். கனடாவின் வடகோடியிலிருந்து ஆறு இனுயிட் பிள்ளைகள் வருகிறார்கள், இங்கிருந்து ஆறு பேர். காலையில் கருவிகளோடு போய்ப் பனி எவ்வளவு உருகியது, பாறைக்குள் எவ்வளவு சூடு என்று அளப்பது. மிச்ச நேரத்தில், இனுயிட் மக்கள் காற்றையும் பனியையும் நிலத்தையும் பார்த்து வழி அறிகிற முறையைப் பழகுவது.

முகாம் என்றால் கஜலக்சுமிக்கு இரண்டுதான் தெரியும். ஒன்று ஆமிக் காம்ப், மற்றது தான் வந்திறங்கிய புதிதில் ஏழு மாதம் இருந்த அகதிக் காம்ப். மூன்றாவதாக ஒன்றுக்குத் தன் பிள்ளை விருப்பத்தோடு விண்ணப்பித்திருக்கிறாள் என்பதே அவளுக்கு விளங்கவில்லை. அதோடு, வாலிஸ் மாநிலத்தில் பாறையும் பனியும் சேர்ந்து இறங்கி ஒரு ஊரையே மூடியதைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து மலை என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பித் தொலைக்காட்சியை நிறுத்திவிடுவாள். மகளை விடவும் பயம், மகளைத் தடுத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவாளே என்று தடுக்கவும் பயம். முகாமுக்குச் சமையற்காரர் தேவை என்று கடிதத்தின் அடியில் இருந்ததைக் கண்டதும் லீவு போட்டுவிட்டுத் தானே விண்ணப்பித்தாள். மதுஜா இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

மலைவிடுதி இரண்டாயிரத்து நானூறு மீற்றர் உயரத்தில் இருந்தது. கல்லால் கட்டிய கட்டடம், வாசலில் ஒரு கொடிக்கம்பம். கொடிக்கம்பத்தடியில் மட்டும் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் வரும். வாசலிலிருந்து இருபது அடியில் வழி இரண்டாகப் பிரிந்தது. இடப் பக்கம் இறங்கினால் ஒரு ஓடை, ஓடைக்குமேல் பலகை, அதைத் தாண்டினால் பனிப்பாறையின் நுனி. வலப் பக்கம் ஏறினால் கற்சரிவு. அங்கே பாறைக்குள் துளையிட்டு வெப்பமானி இறக்கியிருந்தார்கள்.

முகாமை நடத்தியவள் ஊர்சினா என்ற நிலவியலாளர். நாற்பது வயதிருக்கும், சுருக்கமாகக் கதைப்பாள். முதல் நாளே எல்லோரையும் சமையலறைக்கு முன்னால் கூட்டி, கதவருகே தொங்கிய கரும்பலகையைக் காட்டினாள். பெயர், எங்கே, எந்த நேரம் திரும்புவது என்று மூன்று தலைப்புகள் எழுதிக் கோடு போட்டிருந்தார்கள். இதை வைக்கவேண்டும் என்று கேட்டது எலிசாப்பி என்றாள். எலிசாப்பிதான் இனுயிட் பிள்ளைகளோடு வந்த ஆசிரியை. ஐம்பது தாண்டிய, குள்ளமான, அடிக்கடி தேநீர் குடிக்கிற மனுசி. தன் நிலத்தில் என்றால் தனக்குக் காற்று வழி சொல்லும், இந்த மலையில் தானும் ஒரு கைப்பிள்ளைதான், ஆகவே இங்கே இன்னும் கூடுதலாகக் கேட்டுத்தான் போகவேண்டும் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். இடத்தை விட்டு அசையாமல் இருப்பது சமையற்காரர் ஒருவர்தான். எனவே அவரிடம் சொல்லாமல் ஒருவரும் போகக் கூடாது, அவரும் கேட்காமல் ஒருவரையும் விடக் கூடாது என்று முடித்தாள் ஊர்சினா.

கஜலக்சுமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, இந்த வேலையைக் கொண்டுவந்து தன் தலையில் கட்டுகிறார்களே என்று முருகனைக்கூட ஏசினாள். ஆனால் அவள் கெட்டிக்காரி. மறுநாள் காலை பாணும் ஜாமும் வைக்கும்போது கூடவே பலகையில் எழுதுகிற சோக்கட்டியையும் மேசையில் வைத்தாள். சாப்பிட்டவர்கள் எழும்ப முதல் தாங்களே பலகையில் எழுதினார்கள். அவள் வாயைத் திறக்கவே தேவைப்படவில்லை. ஐந்து நாள் இப்படியே போனது.

எலிசாப்பி இதைக் கவனித்துவிட்டாள். நான்காம் நாள் உருளைக்கிழங்கு தோல் சீவ உதவிக்கு வந்திருந்தவள், நீ ஏன் கேட்கிறாயில்லை என்று கேட்டாள். இருவருக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்த மொழிதான், அதனால் இருவரும் ஆறுதலாக, சின்னச் சின்ன வசனமாகக் கதைப்பார்கள், நன்றாக விளங்கும். கஜலக்சுமி வழக்கத்தைச் சொன்னாள். எலிசாப்பிக்கு அது புதினமாக இருந்தது. தன் தகப்பன் வீட்டில் வெளிக்கிடுகிறவனை எங்கே, யாரோடு, எத்தனை நாள் சாப்பாடு, எந்த வழியால் திரும்புவாய் என்று குடைந்து எடுத்துவிட்டுத்தான் விடுவார்களாம். கேட்காமல் விட்டால் அவனுக்குக் கோபம் வருமாம், நான் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லையா என்று.

பிறகு கஜலக்சுமி அண்ணனைப் பற்றியும் சொன்னாள். சண்முகலிங்கத்துக்குக்கூட அவள் முழுதாகச் சொல்லாத கதை அது. எலிசாப்பி முடிவில் இரண்டு கேள்விதான் கேட்டாள்.

"உன் அண்ணன் உனக்குப் பதில் சொன்னானா?"

சொன்னான், சங்கக் கடைக்கு என்று.

"அவனை எங்கே கண்டெடுத்தீர்கள்?"

சங்கக் கடையடியில். அப்பா நேரே அங்கேதான் ஓடினார்.

எலிசாப்பி பிறகு அடுத்த கிழங்கை எடுத்துச் சீவத் தொடங்கினாள். இதில் என்ன இருக்கிறது என்று கஜலக்சுமிக்கு அப்போது விளங்கவில்லை, அடுப்பில் தண்ணீரும் கொதித்துவிட்டது.

ஆறாம் நாள் பிற்பகல் எல்லோரும் உள்ளே இருந்து காலையில் எடுத்த கணக்குகளைப் படமாக வரைவதாகத் திட்டம். ஆகவே பலகையில் ஒருவரும் எதையும் எழுதவில்லை. சோறும் பருப்பும் சாப்பிட்ட களைப்பில் பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள். ஒன்றே முக்கால் போல மதுஜா வாசலில் குனிந்து சப்பாத்து நூல் கட்டினாள். பின்னால் அலாசுவா நின்றாள். இனுயிட் பிள்ளைகளில் ஒருத்தி, பதினாறு வயது, மதுஜாவுக்கு ஆறே நாளில் உயிர்த் தோழியாகிப் போனவள்.

"அம்மா, உதிலை போட்டு வாறம்" என்றாள் மதுஜா.

பின்னேரத் தேநீருக்கு ரொட்டி தட்ட, கஜலக்சுமியின் இரண்டு கையும் மாவுக்குள் இருந்தன. உதிலை என்றால் இந்தா கிட்டத்தில்தான், ஆனால் எதிலை? கேள்வி நாக்கின் நுனிக்கே வந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் ஒரு கால் ஏற்கெனவே வாசலைத் தாண்டியிருந்தது. பின்னால் நின்று கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. எச்சிலோடு விழுங்கினாள். விழுங்கியதோடு விட்டாளா, பழக்கதோசத்தில் முகத்தையும் அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கதவு சாத்துப்பட்ட சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டரைக்கு ரொட்டி கல்லில் கிடந்தபோது தற்செயலாக யன்னலைப் பார்த்தாள். கொடிக்கம்பத்தைக் காணவில்லை. கண்ணாடிக்கு வெளியே யாரோ வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிவிட்டது போல மூடுபனி. ரொட்டி கருகியது. அவள் திருப்பிப் போடவில்லை.

ஊர்சினா வந்தது மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது. பிள்ளைகளை எண்ணினால் பத்துத்தான் வருகிறது, மதுஜாவும் அலாசுவாவும் எங்கே என்றாள். கேட்டபடியே பலகையைப் பார்த்தாள். பலகை கழுவி விட்ட மாதிரி இருந்தது. கஜலக்சுமி அவர்கள் போனதைச் சொன்னாள். எங்கே என்று கேட்டாள் ஊர்சினா. தெரியாது. இடப் பக்கமா, வலப் பக்கமா? தெரியாது, பார்க்கவில்லை.

"நீங்கள் கேட்கவில்லையா?"

அதில் கோபம் இல்லை. ஏசியிருந்தாலாவது தாங்கலாம் போல இருந்தது. ஊர்சினா ஓடிப்போய் நடைவழியைப் பார்த்தாள். இரண்டு பேருடைய பைகளும் ஆணியில் தொங்கின, விசில் பைகளின் பட்டியில் கிடந்தது. வோக்கிடோக்கி சார்ஜில் இருந்தது, மதுஜாவின் கைத்தொலைபேசி வரைபடத்தாளுக்கு மேல் இருந்தது. கால்மணி நேரத்தில் வரலாமென்று போயிருக்கிறார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது.

மீட்புப் படைக்கு அறிவித்தாயிற்று. மூடுபனிக்குள் ஹெலிகொப்டர் எழும்பாது, கீழிருந்து ஆட்கள் நடந்துவர இரண்டு மணித்தியாலம் என்று பதில் வந்தது. விடுதியில் கயிறு கட்டிப் போகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், ஊர்சினாவும் அங்கே நின்ற மலை வழிகாட்டி இளைஞனும். ஒருவர் தனியே போகக் கூடாது. ஆகவே ஒரு பக்கம்தான் தேடலாம். இடப் பக்கம் என்றால் ஓடை. காலையில் தாண்டிப் போகிற ஓடை பின்னேரமானால் பனி உருகி உருகி இடுப்பளவுக்கு வரும் என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வலப் பக்கம் என்றால் வெயிலுக்கு இளகி நிற்கும் கற்சரிவு. அன்று காலை மதுஜா வேலை செய்தது வலப் பக்கத்தில். ஊர்சினா யோசித்துவிட்டு வலப் பக்கம் என்றாள். கயிற்றை எடுத்தார்கள்.

கஜலக்சுமி சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள். அங்கே எலிசாப்பி பெரிய அலுமினியச் சட்டியையும் ஒரு மரக் கரண்டியையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அலாசுவா அவளுடைய தங்கையின் பிள்ளை.

தேடிப் போகாதே, இங்கேயே நில், சத்தம் எப்போதும் ஒரே இடத்திலிருந்து வரவேண்டும் என்றாள் எலிசாப்பி. மூன்று தரம் தட்டினாள், நிறுத்தினாள், காதைக் கொடுத்தாள். ஒன்றுமில்லை. இப்போது நீ கூப்பிடு என்றாள்.

"மதுஜா!"

மலை அந்தப் பேரை நாலு பக்கத்தாலும் திருப்பி அனுப்பியது. வேறு சத்தமில்லை. இன்னும் கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஊர்சினாவும் இளைஞனும் இடுப்பில் கயிற்றைக் கட்டி முடிந்து வலப் பக்க வழியில் கால் வைத்துவிட்டார்கள்.

"பேரை மட்டும் கூப்பிட்டால் பிழை செய்த பிள்ளைகள் பதுங்கிக்கொள்ளும்" என்றாள் எலிசாப்பி. "கேள்வி கேள். கேள்விக்குத்தான் பதில் வரும். எங்கே என்று கேள்."

அந்தச் சொல்லா? பின்னால் நின்று, போன பிள்ளையைப் பார்த்து, அதே சொல்லா? ஒருதரம் கேட்டு ஒரு உயிரைக் கொடுத்தாயிற்று. வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. வாசற்படியில் நின்றபடியே அண்ணனின் சைக்கிளைக் கண்டாள், அதன் ஹாண்டிலில் ஆடிய போத்தலைக் கண்டாள்.

போத்தலோடு கூடவே ஞானேஸ்வரி அக்காவின் முகமும் வந்தது. அதே ஒழுங்கையில் மூன்றாம் வீடு, இப்போது லவுசானில் மகளோடு இருக்கிறாள். தொண்ணூற்றாறில் அவளுடைய மகன் காலையில் வெளிக்கிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. ஞானேஸ்வரி கேட்கவில்லை, பார்க்கவுமில்லை. வருடா வருடம் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னால் அவனுடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்பாள். போன பங்குனியில் பக்கத்தில் நின்ற கஜலக்சுமியிடம் அவள் சொன்னாள், "எங்கை எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தனெண்டால், தேட ஒரு திக்காவது இருந்திருக்கும் பிள்ளை. முப்பது வருசமா எந்தப் பக்கம் பாத்து அழுறதெண்டும் தெரியேல்லை."

அப்பா நேரே சங்கக் கடைக்கு ஓடினார். அண்ணனைத் தோளில் தூக்கி வந்தார். அம்மா அவனுக்கு முகம் கழுவினாள், வாய்க்கரிசி போட்டாள், எட்டாம் நாள் எட்டுச் செலவு படைத்தாள், எரித்த இடத்தைக் காட்டி அழுதாள். அதெல்லாம் அந்தக் கேள்வி கொடுத்தது. ஷெல்லை ஒரு கிணற்றடிப் பெட்டையின் வாய் கொண்டுவரவில்லை. முப்பது வருடமாக இந்தச் சின்னக் கணக்கைத் தனக்கு யாரும் சொல்லித்தரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆத்திரத்தோடேயே வாய் திறந்தது.

"எங்கையடி போனாய்? மதுஜா, எங்கை நிக்கிறாய்? எங்கை?"

எலிசாப்பி கையைத் தூக்கி எல்லோரையும் மூச்சுவிடாமல் நிறுத்தினாள். வலப் பக்க வழியில் ஊர்சினாவின் சப்பாத்துச் சத்தமும் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று கஜலக்சுமி எண்ணினாள். பதினொன்று எண்ணியபோது, கீழே, தூரத்தில், இடப் பக்கத்திலிருந்து வந்தது.

"இஞ்சை, அம்மா. ஓடைக்கு அங்காலை."

ஊர்சினா கயிற்றோடேயே திரும்பி இடப் பக்கம் இறங்கினாள். அவளும் இளைஞனும் ஐந்து அடியில் மூடுபனிக்குள் மறைந்துபோனார்கள். பிறகு ஒரு மணித்தியாலமும் இருபது நிமிடமும் கஜலக்சுமி அந்தப் படியை விட்டு அசையவில்லை. எலிசாப்பி மூன்று தரம் தட்டுவாள், இவள் எங்கை என்பாள், கீழிருந்து இஞ்சை என்று வரும். நடுவில் இரண்டு தரம் பதில் வரவில்லை. அந்த இரண்டு தரமும் அவள் செத்துப் பிழைத்தாள். நாலே காலுக்கு மேல் அவள் குரல் அடைத்துப்போய்ச் சொல் காற்றாக வந்தது. அப்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலு உருவங்கள் மூடுபனிக்குள்ளிருந்து வெளியே வந்தன. ஓடை அகன்று ஆழம் குறைந்த இடமொன்றைக் கண்டு, கயிறு பிடித்துக் கடத்திக் கொண்டுவந்திருந்தார்கள். மதுஜா நொண்டினாள், முழங்காலுக்குக் கீழே நனைந்திருந்தது. காலையில் வேறு குழு பனிப்பாறையில் நட்ட அளவுக் கம்பத்தில் எடுத்த அளவு, வரைந்து பார்த்தபோது பொருந்தவில்லையாம். தானே போய் ஒருதரம் பார்த்துவிட்டு வரலாமென்று போனாளாம். திரும்பும்போது மூடுபனி இறங்கிவிட்டது, ஓடைப் பலகையைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. பார்வை இல்லாதபோது நடக்கக் கூடாது, இருக்க வேண்டும் என்று சொல்லி அலாசுவா அவளை இழுத்து இருத்தினாள். தண்ணீர் ஐந்து மணி வரைக்கும் ஏறும், கரையில் இருக்கக் கூடாது என்று சொல்லி மதுஜா அவளை மேலே இருந்த ஒரு கல்லுக்கு இழுத்தாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருந்தார்களாம். சட்டிச் சத்தமும் கேட்டதாம், அம்மா பேரைக் கூப்பிட்டதும் கேட்டதாம்.

"ஏச்சு விழப்போகுதெண்டு பயத்திலை பேசாமல் இருந்தனான்" என்றாள் மதுஜா. "நீங்கள் எங்கை எண்டு கேட்டோடனை அழுகை வந்திட்டுதம்மா. நீங்கள் ஒருநாளும் கேக்கிறேல்லையே."

கஜலக்சுமி நல்ல ஏச்சு ஏசத்தான் நினைத்தாள். தொண்டையில் சத்தம் இல்லை. மகளின் சப்பாத்தைக் கழற்றி, விறைத்த விரல்களை மாவு காய்ந்த தன் கையால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எலிசாப்பி பக்கத்தில் அலாசுவாவைப் போர்வையால் சுற்றிவைத்து, தன் மொழியில் நீளமாக ஏசினாள். அது ஏச்சுத்தான் என்று தெரிய மொழி தேவைப்படவில்லை.

ஆறு மணிக்கு மூடுபனி கலைந்தது. கஜலக்சுமி கரும்பலகையின் வெறும் கோட்டில், மதுஜா, அலாசுவா, இடப் பக்கம், நாலு ஐம்பது என்று எழுதிவிட்டுக் கொடிக்கம்பத்தடிக்குப் போனாள். அங்கிருந்து ஓடை தெரிந்தது. ஓடைப் பலகை இருந்த இடத்தில் சாம்பல் நிறத் தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு போனது. அதைப் பார்த்தபடியே சண்முகலிங்கத்தின் இலக்கத்தை அழுத்தினாள்.

"எங்கை நிக்கிறியள்?" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அடைத்த குரலில் கேட்டாள்.

அவர் குரல் பதறிக்கொண்டு வந்தது. "ஏன், என்ன நடந்தது? பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை நல்லாயிருக்கிறாள். உள்ளுக்கை இருக்கிறாள், பிறகு எல்லாம் சொல்லுறன். நீங்கள் எங்கை நிக்கிறியள் எண்டு சொல்லுங்கோ."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சண்முகலிங்கம் சொல்லத் தொடங்கினார். ஸ்டேசனடியில், பஸ்சுக்காக நிற்கிறாராம். ஐந்து மணிக்கு வேலை முடிந்ததாம். கடையில் மிளகாய்த்தூளும் ஒரு இறாத்தல் பாணும் வாங்கினாராம். அதற்கு முதல் காலையில் ஐந்தாம் தண்டவாளத்தில் நின்ற ரயிலில் யாரோ விட்டுப்போன குடையொன்றைக் கண்டெடுத்துக் கொடுத்தாராம். பிறகு மத்தியானம் என்ன சாப்பிட்டார், யாரோடு கதைத்தார், எந்தத் தெருவால் நடந்து வந்தார் என்று ஒன்றையும் விடாமல், இருபத்தொரு வருடம் கேட்பார் இல்லாமல் வைத்திருந்த மனுசன் மாதிரிச் சொல்லிக்கொண்டே போனார். நடுவில் ஒரு பஸ் வந்து போன சத்தம் அவளுக்குக் கேட்டது. அவர் ஏறவில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.

"இனி எங்கை போகப்போறியள்?"

"வீட்டைதான்" என்றார் சண்முகலிங்கம். "அரை மணித்தியாலத்திலை போயிடுவன். போனவுடனை எடுத்துச் சொல்லுறன்."